ரத்தம் நின்ற பிறகும் அப்பா ஏன் இறந்தார்?

கேள்வி: 72 வயதான என் அப்பா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அவருக்குச் சர்க்கரை உண்டு. ஆறு வருடங்களுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரின் சாப்பிட்டு வந்தார். நெடுங்காலம் புகைபிடித்ததில் நுரையீரலும் பலவீனம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலிக்கு டைக்ளோஃபெனாக், ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஏழாம் நாள் மலம் கறுப்பாகப் போனது. இரும்பு மாத்திரையால் இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். மறுநாள் இரவு காபித்தூளைக் கரைத்தது போல வாந்தி எடுத்தார். ஹீமோகுளோபின் 7.6 இருந்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். காலையில்தான் எண்டோஸ்கோபி செய்தார்கள். முன்சிறுகுடலில் அல்சர் என்றும், ஊசி போட்டு கிளிப் வைத்து ரத்தத்தை நிறுத்திவிட்டோம் என்றும் சொன்னார்கள். ஆஸ்பிரினையும் நிறுத்தினார்கள். மறுபடி ரத்தம் வரவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறாம் நாள் அப்பா இறந்துவிட்டார். சான்றிதழில் நிமோனியா, இதயச் செயலிழப்பு என்று எழுதியிருக்கிறார்கள். "கசிவை மறைக்கத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள். ராத்திரியே எண்டோஸ்கோபி செய்திருந்தால், இன்னும் ரத்தம் ஏற்றியிருந்தால், ரத்தம் உறைய ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார்" என்கிறான் தம்பி. காலுக்காகப் போனவர் வயிற்றால் எப்படிச் சாக முடியும்? 66 வயதான அம்மாவுக்கு அடுத்த மாதம் மூட்டு மாற்று ஆபரேஷன். மூட்டுவலிக்கு வருடக்கணக்காகக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவே பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். கடிதத்தை வைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரி சரியாகச் செய்ததா, தவறியதா என்று தீர்ப்பு எழுத என்னால் முடியாது. ஆனால் நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான பதில் உண்டு. குடல், கல்லீரல் நோய் மருத்துவராக இந்த நிலைமையை அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் சான்றிதழ். நிமோனியா, இதயச் செயலிழப்பு என்று எழுதியிருப்பது எதையும் மறைப்பதற்காக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றிலிருந்து வரும் ரத்தக்கசிவால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் ரத்தம் வற்றி இறப்பதில்லை. ஹாங்காங்கில் அல்சர் ரத்தக்கசிவு ஏற்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். இறந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேரின் மரணத்துக்குக் கசிவு நேரடிக் காரணம் இல்லை. பல உறுப்புகள் ஒருசேரச் செயலிழந்தது, நுரையீரல் கோளாறு, முற்றிய புற்றுநோய் ஆகியவைதான் முன்னால் நின்றன. உங்கள் அப்பாவின் கதை அந்த 80-இல் சேரும் என்றே தோன்றுகிறது.

அதற்காகக் கசிவுக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில் உங்கள் தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

வேறொரு கணக்கைப் பாருங்கள். பிரிட்டனில் 2007-இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்று நடந்தது. வீட்டில் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் 7 சதவீதம் பேர் இறந்தார்கள். வேறு நோய்க்காக ஏற்கெனவே படுக்கையில் இருந்தபோது கசிவு ஏற்பட்டவர்களில் இறந்தவர்கள் 26 சதவீதம். அதே நாட்டில் 1990-களில் எடுத்த கணக்கில் இவை 11, 33 என்று இருந்தன. இடைப்பட்ட காலத்தில் எண்டோஸ்கோபி சிகிச்சை பரவியது, அமிலத்தைக் குறைக்கும் நல்ல மருந்துகள் வந்தன, இரண்டு எண்களும் இறங்கின. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு டாக்டரும் நர்ஸும் பத்தடி தூரத்தில்தானே இருக்கிறார்கள், அவர்தானே பிழைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. அல்சர் ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். அது வந்த உடம்புதான் வேறு.

கடன் வாங்கி மாதத்தை ஓட்டும் குடும்பத்தில் திடீரென்று ஒரு பெரிய செலவு விழுந்தால் என்ன ஆகும்? உங்கள் அப்பாவின் உடம்பு அந்த நிலையில்தான் இருந்தது. எலும்பு முறிவிலும் ஆபரேஷனிலும் ஏற்கெனவே ரத்தம் போயிருக்கும். ஸ்டென்ட் வைத்த இதயம். புகையில் கெட்ட நுரையீரல். ஒரு வாரமாக மல்லாந்த படுக்கை. ஹீமோகுளோபின் சட்டென்று இறங்கினால் ஆரோக்கியமான இதயம் வேகமாக அடித்துச் சமாளித்துவிடும். அடைப்புள்ள ரத்தக்குழாய்களைக் கொண்ட இதயத்தால் அது முடியாது. பிரஷர் இறங்கினால் சிறுநீரகம் முதலில் அடிவாங்கும். படுத்தபடி வாந்தி எடுக்கும்போது அதில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் நிமோனியா தலைகாட்டும். உங்கள் அப்பாவுக்கும் இதே வழியில் வந்திருக்கக்கூடும். ஆறாம் நாள் மரணம் அதற்குப் பொருந்துகிறது.

எண்டோஸ்கோபியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது குழாயைவிட்டுப் பார்த்துவிட்டு வருகிற சிறு பரிசோதனை என்று பலரும் நினைக்கிறார்கள். ரத்தம் கசியும் நோயாளிக்கு அப்படி இல்லை. திரையில் முதலில் அல்சர் தெரியாது. இரைப்பை நிறையக் கறுத்த ரத்தமும் ஈரல்துண்டு போன்ற கட்டிகளும்தான் தெரியும். தண்ணீரைப் பீய்ச்சி, உறிஞ்சி, நோயாளியைப் புரட்டி, மறுபடி பீய்ச்சி வழி கண்டுபிடிக்க வேண்டும். முன்சிறுகுடலின் பின்சுவரில் வெளுத்த சிறு குழி, அதன் நடுவே கருஞ்சிவப்பாக ஒரு மொட்டு. அதுதான் திறந்துகொண்ட ரத்தக்குழாய். அதைச் சுற்றி அட்ரினலின் செலுத்தினால் அந்த இடம் வெளிறிப் போகும், பிறகு கிளிப். இத்தனையும் நடக்கும்போது நோயாளி மயக்க மருந்தில் இருமிக்கொண்டிருப்பார். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு 95-இலிருந்து 88-க்கு இறங்கும், நர்ஸ் வாயில் வழிவதை உறிஞ்சியபடியே நம் முகத்தைப் பார்ப்பார். கெட்ட நுரையீரலுக்கு இதுவே பெரிய சோதனை. அதனால்தான் பிரஷரையும் மூச்சையும் ஓரளவு நிலைப்படுத்திவிட்டுக் குழாயைக் கையில் எடுக்கிறோம்.

இதிலேயே "ராத்திரியே செய்திருந்தால்" என்பதற்கும் பதில் இருக்கிறது. அபாயம் அதிகமுள்ள 516 நோயாளிகளை ஹாங்காங்கில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு 6 மணி நேரத்துக்குள்ளும் மறுபகுதிக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள்ளும் எண்டோஸ்கோபி செய்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. 30 நாளில் இறந்தவர்கள் அவசரமாகச் செய்த பகுதியில் 8.9 சதவீதம், பொறுத்துச் செய்த பகுதியில் 6.6 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்பதால் பொறுப்பதே மேல் என்று சொல்ல மாட்டேன். அவசரத்தால் லாபமில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். என்ன செய்தும் பிரஷர் ஏறாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்குக் காத்திருக்க முடியாது. உங்கள் அப்பாவுக்கு இரவு முழுக்கப் பிரஷர் நின்றிருந்தால், காலையில் செய்தது தாமதம் ஆகாது.

ரத்தம் போதவில்லை என்பதும் அப்படித்தான். பார்சிலோனாவில் 921 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம் என்று கட்டுப்பாடாக இருந்த பகுதியில் ஆறு வாரத்தில் 95 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் கீழே போனாலே தாராளமாக ஏற்றிய பகுதியில் 91 சதவீதம்தான். கூடுதல் ரத்தம் கூடுதல் உயிர் இல்லை என்று எங்கள் துறைக்கே அது புரியவைத்தது. இதய நோயாளிக்கு வரம்பை 8 என்று கொஞ்சம் உயர்த்திப் பிடிப்போம். 7.6-க்கு இரண்டு யூனிட் ஏற்றியது சரியான முடிவு. அதற்கு மேல் கொட்டியிருந்தால் பலவீனமான இதயம் அந்தப் பாரத்திலேயே திணறியிருக்கும். ரத்தம் உறைய வைக்கும் டிரானெக்ஸாமிக் அமில ஊசியையும் 12,000 பேரிடம் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. 2020-இல் வந்த முடிவின்படி இந்த வகைக் கசிவில் அது மரணத்தைக் குறைக்கவில்லை, கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைவதுதான் கூடியது. அதைப் போடாததில் குறை காண எதுவும் இல்லை.

அப்படியானால் கேட்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஆனால் தம்பி கேட்கும் இடத்தில் இல்லை. வாந்தி வந்த இரவை விட்டுவிட்டு அதற்கு முந்தைய ஏழு நாட்களைப் பாருங்கள்.

65 வயதைத் தாண்டியவர், ஏற்கெனவே ஆஸ்பிரின், அதன்மேல் டைக்ளோஃபெனாக், கூடவே ரத்தம் உறையாமல் இருக்க ஊசி. ஒவ்வொன்றையும் கொடுக்கத் தனித்தனியே நல்ல காரணம் இருக்கும். மூன்றும் ஒரே வயிற்றில் சேரும்போது அல்சர் வந்து கசியும் அபாயம் பன்மடங்கு ஏறுகிறது. பெரும்பாலும் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் எழுதுகிறார்: ஆஸ்பிரின் இதய மருத்துவர் பல வருடங்களுக்கு முன் எழுதியது, வலி மருந்து மயக்க மருத்துவரோ எலும்பு மருத்துவரோ எழுதுவது, ஊசி வார்டின் வழக்கப்படி வருவது. மொத்தச் சீட்டையும் ஒருவர் உட்கார்ந்து படித்தால்தான் கூட்டணி கண்ணில் படும். டைக்ளோஃபெனாக் வகை மருந்துகளுக்கு இன்னொரு குணம்: அல்சரை உண்டாக்கிவிட்டு அதன் வலியையும் தாங்களே அமுக்கிவிடும். முதியவர்கள் பலருக்கு வயிற்றுவலி என்ற எச்சரிக்கையே இல்லாமல் ரத்தம்தான் முதல் அறிகுறியாக வருகிறது. இப்படிப்பட்டவருக்கு பேன்டோப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்தைச் சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. கேஸ் ஷீட்டில் இருக்கும்.

அடுத்தது, ஆபரேஷன் முடிந்தவரிடம் உள்கசிவைக் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கடினம். நாடி 110 ஓடுகிறதா, வலி என்பார்கள். முகம் வெளுத்திருக்கிறதா, ஆபரேஷனில் போன ரத்தம் என்பார்கள். உட்கார வைத்ததும் தலை சுற்றுகிறதா, ஒரு வாரம் படுத்திருந்தவருக்குச் சுற்றாதா என்பார்கள். எதற்கும் பொருத்தமான ஒரு விளக்கம் கைவசம் இருக்கிறது. ஒருவர் வீட்டில் இதே அறிகுறிகளுடன் விழுந்திருந்தால் முதல் அரை மணி நேரத்திலேயே வயிற்றைச் சந்தேகித்திருப்போம். ஹீமோகுளோபினும் உடனே காட்டிக்கொடுக்காது. ரத்தம் போன முதல் சில மணி நேரம், மிச்சமிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி மாறாமலே இருக்கும். திரவம் வந்து சேர்ந்து நீர்த்த பிறகுதான் எண் இறங்கும். மாறாக, குடலில் இறங்கிய ரத்தம் செரிக்கப்படுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அதே அளவில் இருக்க, ரத்தத்தில் யூரியா மட்டும் ஏறும். ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஏழாம் நாள் கறுப்பு மலத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்த இடம் அது. உங்களை அதிகம் உறுத்துவதும் அதுதான் என்று நினைக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும் என்பது உண்மை. அந்தக் கறுப்பு கரும்பச்சை சாயலில், கெட்டியாக இருக்கும். ரத்தம் கலந்த மலம் தார் போலப் பளபளக்கும், இளகி ஒட்டும், கழுவினாலும் எளிதில் போகாது, நாற்றம் அறையை விட்டு வெளியே வரும். ஒருமுறை முகர்ந்த நர்ஸ் மறக்க மாட்டார். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமே இல்லை. அந்த மூன்று மருந்துகளோடு இருந்தவரின் மலம் கறுத்ததா என்று தினமும் கேட்டிருக்க வேண்டியது வார்டு. ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரிந்திருந்தால் டைக்ளோஃபெனாக்கை அன்றே நிறுத்தியிருக்கலாம், ரத்தம் குறைவதற்குள் எண்டோஸ்கோபி செய்திருக்கலாம், அந்த வாந்தியே வராமல் போயிருக்கலாம். ஆனால் அந்த இதயமும் நுரையீரலும் அப்படியேதான் இருந்திருக்கும். இதற்கு மேல் உறுதியாகச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

ஐசியூ அனுபவமும் இதையே காட்டுகிறது. 48 மணி நேரத்துக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும் ரத்தம் உறையும் தன்மை கெட்டவர்களுக்கும் வயிற்றில் கசிவு வரும் அபாயம் அதிகம் என்று 1994-லேயே தெரிந்தது. வென்டிலேட்டரில் இருந்த 4,821 பேரிடம் பேன்டோப்ரசோல் கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளிவந்தது. குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு 3.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. மரணத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கசிவைத் தடுப்பது நல்ல காரியம்தான், அதை நான் கட்டாயம் செய்வேன். ஆனால் கசிவைத் தடுத்துவிட்டால் ஆளையே காப்பாற்றிவிட்டோம் என்ற கணக்கு இந்த நோயாளிகளிடம் செல்லுபடியாவதில்லை.

கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்து வெடிப்பவர்களின் கதை வேறு. அங்கே கசிவே கொல்லும். நல்ல சிகிச்சை கொடுத்தும் ஆறு வாரத்தில் ஆறில் ஒருவரை இழக்கிறோம். அவர்களுக்குக் காத்திருக்காமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் தொடங்கி, 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபியில் வளையம் போடுவோம். உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது. வேறு குடும்பங்களும் படிப்பார்கள் என்பதால் சொன்னேன்.

ஆஸ்பிரின் விஷயத்தை நீங்கள் அவசியம் விசாரிக்க வேண்டும். கசியும்போது நிறுத்துவது இயல்பு. ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் நின்ற ஓரிரு நாளில், பெரும்பாலும் மூன்று நாளுக்குள், அதைத் திரும்பத் தொடங்க வேண்டும். ஹாங்காங்கில் 156 பேரிடம் நடந்த ஆய்வில் ஆஸ்பிரினைத் தொடர்ந்தவர்களில் சிலருக்குக் கூடுதலாக மறுகசிவு வந்தது: 5.4-க்குப் பதில் 10.3 சதவீதம். ஆனால் எட்டு வாரத்தில் இறந்தவர்கள் அவர்களில் 1.3 சதவீதம், நிறுத்திவைத்தவர்களில் 12.9 சதவீதம். சிறிய ஆய்வுதான், என்றாலும் அதன்பிறகு எங்கள் வழக்கமே மாறியது. அப்பாவுக்கு எப்போது திரும்பக் கொடுத்தார்கள், கொடுக்கவில்லை என்றால் இதய மருத்துவரைக் கலந்தார்களா என்று கேளுங்கள். கேஸ் ஷீட்டின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். சேர்த்த நாளிலிருந்து அமிலக் குறைப்பு மருந்து போனதா, மூன்றாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையே ஹீமோகுளோபினும் யூரியாவும் எப்படி இருந்தன என்று பார்க்கச் சொல்லுங்கள். சண்டைக்காரராகப் போகாமல் மகளாகப் போய்க் கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். மழுப்பினால் வேறொரு மருத்துவரிடம் அந்தக் காகிதங்களைக் காட்டலாம்.

இனி அம்மா. பயந்து ஆபரேஷனைக் கைவிட வேண்டாம். ஒரு மாதம் இருப்பது நல்லதாயிற்று. அவர் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரையின் அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் எலும்பு மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் காட்டுங்கள். "ஏதோ வலி மாத்திரை" என்று சொன்னால் அது குறிப்பில் ஏறாது. இன்றே அதை நிறுத்திவிட்டு பாரசிட்டமாலுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். ஹீமோகுளோபின் பாருங்கள். குறைவாக இருந்தால் இரும்பு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போய்விடாதீர்கள். வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டவருக்கு ரத்தம் குறைந்தால், எங்கே போகிறது என்று எண்டோஸ்கோபியில் பார்த்துவிட்டுத்தான் கத்தி எடுக்க வேண்டும்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்கான பரிசோதனையையும் கேளுங்கள். அல்சருக்கு மனக்கவலையும் காரமும்தான் காரணம் என்றிருந்த காலத்தில் இந்தக் கிருமியைக் காட்டிய பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மலத்திலோ மூச்சிலோ கண்டுபிடிக்கலாம், ஊசிகூட வேண்டாம். ஆனால் அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். இருந்தால் இரண்டு வார மருந்து. நாட்களை எண்ணிப் பார்த்தால் இந்த வாரமே தொடங்க வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். அப்பாவை நினைத்து அதை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மூட்டு மாற்றியவரின் காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் அதுவும் உயிரை வாங்கும். நீங்கள் தடுக்க வேண்டியது, அதனோடு டைக்ளோஃபெனாக்கோ இபுப்ரோஃபெனோ சேருவதை. சேர்த்தே ஆக வேண்டும் என்றால் மிகச் சில நாட்களுக்கு, பேன்டோப்ரசோலின் துணையோடு. மலம் கறுத்தால் ஃப்ளஷ் செய்யாமல் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும் சரி. டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த மாத்திரை எந்தத் தேதியோடு முடிகிறது என்று சீட்டில் எழுதி வாங்குங்கள், பேன்டோப்ரசோலுக்கும் சேர்த்துத்தான். பழைய வலி மாத்திரை வீட்டு அலமாரியில் மிச்சம் இருந்தால், அம்மா திரும்பி வருவதற்கு முன்பே எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள்.